ஆசிரியர் ஒரு பக்கம் வாசிப்பார்

மேடையில் இருந்த அனந்தகிருஷ்ணன் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நாற்காலியில் வைத்தார். யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து அதன்மேல் உட்கார்ந்தார். சடக்கென்று முறிந்த சத்தம் கேட்டதும்தான் அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

காரணம் இருந்தது. விழாவைத் தொகுத்து வழங்கிய ஷீஜா, நோட்டீசில் இல்லாத ஒன்றை அப்போதுதான் மைக்கில் அறிவித்திருந்தாள். நூலாசிரியர் அனந்தகிருஷ்ணன் தம்முடைய புதிய சிறுவர் புத்தகத்திலிருந்து ஒரு பக்கம் வாசிப்பாராம்.

கேரள எல்லையில், பாறசாலைப் பக்கத்துத் தமிழ் மன்றத்துக்கு அனந்தகிருஷ்ணன் இருபது வருஷமாகச் செயலாளர். பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுக்காத பெற்றோரை ஒவ்வொரு ஆண்டுவிழாவிலும் கிழிகிழியென்று கிழிப்பவர். அப்பேர்ப்பட்ட மனிதருக்கு அ எது, ஆ எது என்று தெரியாது.

படித்தது மலையாளம். தாலூக் ஆபீசில் முப்பது வருஷம் எழுதித் தள்ளியதும் மலையாளம். தமிழ் வாயோடு சரி. இன்று வெளியாகும் ‘நேர்மையான காக்கா’ கதையைக்கூட அவர் செல்போனில் பேசி அனுப்ப, நாகர்கோவிலில் இருக்கும் மருமகன் அகிலேஷ்தான் எழுத்தாக்கிப் புத்தகமும் போட்டுக்கொடுத்தான். இந்த ரகசியம் தெரிந்தது அவர்கள் இரண்டு பேருக்குத்தான். இன்று வெளியே வந்தால் இருபது வருஷத்து மானம் கப்பலேறிவிடும்.

வெளியீட்டு நோட்டீஸ் மலையாளத்தில்தான் அச்சாகியிருந்தது. நாலு பேர் வாசிக்க வேண்டாமா என்று கமிட்டியில் கேட்டார்கள். அவரும் நியாயம்தானே என்று கையெழுத்துப் போட்டார்.

சிறுவர் புத்தகம் என்றுதான் பெயர். வாசகசாலை ஹாலில் வந்து உட்கார்ந்திருந்த அறுபது பேரில் ஐம்பத்தொன்பது பேர் பென்ஷன்காரர்கள். மிச்சம் ஒன்று ஷீஜாவின் மகள் அமிர்தா. ஆறாம் வகுப்பு.

கண்ணாடி போச்சே என்று அனந்தகிருஷ்ணன் முகத்தைத் தொங்கப்போட்டார். சிறப்பு விருந்தினர் ரெத்தினதாஸ், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், சட்டென்று தன் கண்ணாடியைக் கழற்றி நீட்டினார்.

“இன்னா, எனக்க கண்ணாடி உண்டு. போட்டுப் பாரும்.”

பாழாய்ப்போன கண்ணாடி அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்தித் தொலைத்தது. பக்கத்தில் ஒவ்வொரு எழுத்தும் பளிச்சென்று தெரிந்தது. தெரிந்து என்ன செய்ய?

அவர் இரண்டு முறை இருமினார். தொண்டை கட்டியிருக்கிறது, விருந்தினர் வாயால் கேட்பதுதான் புத்தகத்துக்கு மரியாதை என்று சொல்லிப் புத்தகத்தை அந்தப் பக்கம் தள்ளினார். ஒவ்வொரு வரியும் பொன் என்று அரைமணி நேரம் பேசி முடித்திருந்த ரெத்தினதாஸ், இப்போது வெறும் கண்ணைக் கசக்கிக் காட்டினார்.

“கண்ணாடி உம்ம மூக்கிலயில்லா இருக்கு?”

அனந்தகிருஷ்ணன் அவசரமாகக் கழற்றிக் கொடுத்தார். ரெத்தினதாஸ் அதைவிட அவசரமாக அது உமக்கே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தை ஷீஜாவிடம் கொடுத்தார். ஷீஜாவுக்கு, அடிக்காத போனில் ஏதோ முக்கியமான அழைப்பு வந்துவிட்டது. முன்வரிசையில் ஒருவருக்குப் பல்வலி, இன்னொருவருக்குப் பாயசம் ஆயிற்றா என்று பார்க்கவேண்டிய அவசரம்.

கடைசியில் யாரோ பிள்ளையை வாசிக்கச் சொன்னார்கள். ஹாலே கை தட்டியது. பிள்ளைகளுக்கு எழுதியதைப் பிள்ளைதான் வாசிக்கவேண்டும், அதுதான் முறை என்று அனந்தகிருஷ்ணன் முதல் ஆளாக மைக்கில் முழங்கினார். அவருக்கு அவ்வளவு நிம்மதி.

அமிர்தா மேடையேறிப் புத்தகத்தை நடுவில் விரித்தாள். கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் மேடையிலிருந்த பெரியவர்களைப் பார்த்தாள். பிறகு தொடங்கினாள்.

பொழியூர்க் கடல் வருஷா வருஷம் ஒரு பூனையின் வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறது. பூனை பஞ்சாயத்தில் மனு கொடுக்கிறது. விசாரணைக்கு நேரில் வரச்சொல்லிக் கடலுக்கு நோட்டீஸ் போகிறது. கடலும் மரியாதையாக நெய்யாற்றின்கரை பஸ் ஏறுகிறது. பெண்கள் சீட்டில் உட்காராதே என்கிறார் கண்டக்டர், கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டு.

ஹால் குலுங்கியது. பல்வலிக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். அனந்தகிருஷ்ணன் மட்டும் சிரிக்கவில்லை. காக்கா எங்கே போயிற்று? அகிலேஷ் வேறு யாருடைய கதையையோ தூக்கி உள்ளே வைத்துவிட்டான். இது என் கதை இல்லை என்று எழுந்து சொல்லலாம் என்றால், எங்கே, உம்ம கதை எது, வாசித்துக் காட்டும் என்று ஒருவர் கேட்டால் போதும், கதை கந்தல்.

பத்து நிமிஷம் ஆயிற்று. பிள்ளை இன்னும் அதே பக்கத்தில்தான் இருந்தாள். அந்தப் பக்கத்தில் மட்டும் எழுத்தைக் கடுகுபோல் பொடியாகப் போட்டிருக்கிறான் பாவி என்று மருமகனை இன்னொரு தடவை திட்டிக்கொண்டார்.

கதை முடிந்ததும் ரெத்தினதாஸ் தழுதழுத்த குரலில் மைக்கைப் பிடித்தார்.

“நேத்து நான் திரும்பத் திரும்ப வாசிச்ச பக்கமாக்கும் இது.”

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. இப்படி ஒரு கற்பனையா என்று ஆளாளுக்கு அனந்தகிருஷ்ணனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். வெட்கம் பிடுங்கித் தின்றாலும் அவர் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். உள்ளுக்குள், நம் காக்காவைவிட இந்தக் கடல் எவ்வளவோ மேல் என்று வயிறெரிந்தது.

எல்லாரும் பாயசத்துக்குப் போன பிறகு அமிர்தாவை ஓரமாக அழைத்தார். அகிலேஷைக் கூப்பிட்டு நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்கவேண்டும், அதற்கு ஆதாரம் வேண்டும்.

“மக்கா, நல்லாக்கும் வாசிச்சே. அந்தக் கதை எந்தப் பக்கத்தில கெடக்கு? ஒண்ணு தொட்டுக் காட்டு.”

அமிர்தா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பக்கத்தில் யாரும் இல்லை என்று உறுதியானதும் அவர் காதருகே வந்தாள்.

“எனக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது, தாத்தா.”