ஆர்தர் பாஸ்கோவின் குற்றம்

இரும்புக் கதவு படாரென்று மூடிக்கொண்டது. ஒரு காலத்தில் பிரிட்டன் தன் கைதிகளைக் கப்பலேற்றி அனுப்பிய ஆஸ்திரேலியத் தீவான டாஸ்மேனியாவின் பழைய சிறையில், பேய் பார்க்க வந்த கூட்டம் அலறியது. பதினேழு வயது டெஸ்ஸும் அவள் தம்பி ரோரியும் கொட்டாவி விட்டார்கள்.

"பாவம், அந்தப் பேய்க்கே போரடிக்கும்," என்றான் ரோரி.

அவர்களுடைய அப்பா லாக்லனுக்குத்தான் வியர்த்தது. அவருடைய கொள்ளுத்தாத்தாவின் அப்பா ஆர்தர் பாஸ்கோ இந்தச் சிறையில் இருந்தவராம். பதிவேட்டில் பெயரைத் தேடும்படி வழிகாட்டியிடம் சொல்லியிருந்தார்.

வழிகாட்டி வெர்னா காகிதத்தோடு வந்தாள்.

"பேர் இருக்கு சார்."

"மெதுவாச் சொல்லுங்க. பசங்க ஸ்கூல்ல தலைகாட்டணும். என்ன திருடினார்? ஆடா, ரொட்டியா?"

"மனசைத் திடப்படுத்திக்குங்க. அவர் எதையும் திருடலை. கைதியே இல்லை. இங்க தலைமைக் காவலரா இருந்திருக்கார். ரொம்ப நேர்மையானவர்னு நற்சான்றிதழ்கூட இருக்கு."

லாக்லன் சுவரைப் பிடித்துக்கொண்டார். கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த ரோரியின் முகம் வெளுத்தது.

டெஸ் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் கிசுகிசுத்தாள்.

"வெளியில சொல்லிடாதீங்கப்பா. என் வகுப்புல எல்லாரும் 'நாங்க கைதி பரம்பரை, திருடன் பரம்பரை'ன்னு பெருமையடிச்சுக்கிறாங்க. நாம மட்டும் காவலர் குடும்பம்னு தெரிஞ்சா, நான் எந்த முகத்தோட ஸ்கூலுக்குப் போறது?"