மூன்று தட்டு

கதவு திறப்பதற்குள் பாடகி இரண்டு முறை திரும்பிப் போகப் பார்த்தாள்.

திறந்தவர் பக்கத்து வீட்டுக்காரர். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். நெற்றியில் ஒரு கண்ணாடி, சட்டைப் பையில் இன்னொன்று.

"சார், உங்க சம்மதம் ஒண்ணு வேணும்" என்று கைபேசியை நீட்டினாள்.

இந்தக் குடியிருப்புக்கு அவள் வந்து ஏழு மாதம். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவள் பாடிக்கொண்டிருப்பாள், சுவரில் 'டொம்' என்று ஒரு தட்டு விழும். அன்றைய பயிற்சி அதோடு சரி. மாடிப்படியில் இவரைக் கண்டால் செருப்பில் ஏதோ ஒட்டிக்கொண்டதுபோல் குனிந்துகொள்வாள்.

புதுப் பாட்டைப் பதிவு செய்த அன்று மட்டும் நிறுத்தவில்லை. இரவல் மைக். மாலைக்குள் திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.

பல்லவி மூன்று முறை வந்தது. சுவரும் மூன்று முறை தட்டியது.

போட்டுக் கேட்டபோது தலையில் கை வைத்தாள். கேட்கக் கேட்கக் கையை எடுத்தாள். பல்லவி முடிந்து பாட்டு மூச்சு வாங்கும் இடத்தில், அளந்து வைத்ததுபோல் விழுந்திருந்தது ஒவ்வொரு தட்டும். அவளும் கூட வாசிக்கும் இருவரும் தட்டுகளை வெட்டிப் பார்த்தார்கள். பாட்டு நொண்டியது.

"மச்சான், இந்த ஆளுக்கு இருக்கிற தாளம் உனக்கு இருந்திருந்தா நாம எங்கயோ போயிருப்போம்" என்றான் கிடார் வாசிப்பவன், ட்ரம்ஸ் வாசிப்பவனிடம்.

அவளுடைய போன பாட்டை ஒரு கம்பெனி வாங்கி, அவள் பெயரே இல்லாமல் வெளியிட்டது. பேருந்தில் ஒலித்தது. பாடியது நான்தான் என்றாள். பக்கத்து சீட்டில் இருந்தவர் சிரித்தார்.

அதனால்தான் இந்த முறை பிளாக்செயின் தளம். பாடுகிறவர்களும் வாசிக்கிறவர்களுமே சேர்ந்து நடத்துவது. பாட்டில் யார் யாருடைய ஒலி இருக்கிறதோ, அவரவர் பெயருக்கு நேரே அவரவர் விரல் வைக்க வேண்டும். கடைசி விரல் விழும்வரை பாட்டு வெளியே போகாது. போய்விட்டால், அந்தப் பதிவு ஊர் ஊராக ஆயிரம் கணினிகளில் இருக்கும். ஒரு பெயரைக்கூட எந்தக் கம்பெனியாலும் அழிக்க முடியாது.

விரல் வைத்ததும் மூன்று பெயர்கள் பச்சையாகிவிட்டன. பாக்கி ஒன்று.

அவரைச் சேர்க்காமலே விட்டிருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? மனம் வரவில்லை. விடுபட்டால் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

அவர் வாசலில் நின்றபடியே பாட்டைக் கேட்டார். முதல் தட்டில் நிமிர்ந்தார். மூன்றாவது தட்டில் நெற்றிக் கண்ணாடி மூக்குக்கு இறங்கியது. திரையைப் படித்தார்.

"இதுல என் பேரைப் போட்டிருக்கீங்களே."

"நீங்க வேண்டாம்னா பாட்டு போகாது சார்."

"தட்டினது நான் இல்லம்மா. என் வீட்டுக்காரி."

அவர் சற்று விலகி நின்றார். உள்ளே, சுவரை ஒட்டி ஒரு கட்டில். போர்வைக்கு வெளியே ஒரு கை.

"பக்கவாதம் வந்ததிலேர்ந்து பேச்சு இல்ல. அசையறது அந்தக் கை ஒண்ணுதான். நீங்க பாட ஆரம்பிச்சா அவ முகமே வேற. நடுவுல கொஞ்சம் சத்தம் நின்னா போதும், முடிஞ்சுபோச்சோன்னு பதறித் தட்டுவா." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்களும் உடனே நிறுத்திடுவீங்க."

பாடகி செருப்பைப் பார்த்தாள். இந்த முறை நிஜமாகவே.

அவர் திரையில் தன் பெயரை மனைவியின் பெயராகத் திருத்தினார். "கேட்டுட்டு வரேன்" என்று கைபேசியோடு உள்ளே போனார். பாட்டு மறுபடி ஒலிப்பது கேட்டது. முழுதாக ஒலித்து முடிந்தது.

திரும்பி வந்தபோது நான்காவது பெயரும் பச்சை.

வீட்டுக்கு வந்ததும் பாடகி நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டாள். பல்லவியை எடுத்தாள்.

முடித்த இடத்தில், மூச்சு வாங்கும் நேரத்தைக் கொஞ்சம் நீட்டினாள்.