நீலக் கூரை
சூஸ் நகரத்து மதிய வெயில் ஜன்னல் இடுக்கு வழியாகக் கம்ப்யூட்டர் திரையில் கோடு கோடாக விழுகிறது. அண்ணன் ஹைதம் சூரியகாந்தி விதையைக் கொறித்துத் தோலைத் தட்டில் துப்பிக்கொண்டே விளையாட்டுக்குள் அரண்மனை கட்டுகிறான். அதே விளையாட்டில், என் போன் வழியாக, நானும் இருக்கிறேன். மூன்று நாளாக அதன் ஆற்றங்கரையில் மணல் வெட்டியவள் நான். நாலு மணல், நாலு சரளை, ஒரு நீலச் சாயம் என்று கலந்து பெட்டி பெட்டியாகக் கான்கிரீட் பொடிக்கட்டி சேர்த்தவளும் நான்தான். கட்டைவிரல் வீங்கிக் கிடக்கிறது. அவன் அந்தக் கட்டிகளைப் பலகைகளின் மேல் பரப்பிக் கூரை போட்டுவிட்டு, வாசலில் 'ஹைதம் தனியாகக் கட்டியது' என்று போர்டு மாட்டுகிறான். ஹெட்போனில் கூட்டாளிகள் என்னைப் பற்றி ஏதோ கேட்கிறார்கள். "யாரு, தொர்சாஃபா? அவ சும்மா மண்ணு சுமக்குறா, அவ்வளவுதான்," என்று சிரிக்கிறான். எனக்குக் காது மடல் கொதிக்கிறது. "ஏய், தண்ணிய ஊத்து. கூரை இறுகணும்," என்று திரும்பாமலே விரலைச் சொடுக்குகிறான். தண்ணீர் பட்டால்தான் பொடி கல்லாகும். அதுவரை பலகைதான் அதைத் தாங்குகிறது. வாளி என்னிடம் இருக்கிறது. கோடரியும் இருக்கிறது. நான் பலகைகளை ஒவ்வொன்றாக வெட்டுகிறேன். நீலம் சரசரவென்று உதிர்ந்து தரையில் குவிகிறது. அவன் பல்லிடுக்கில் விதை அப்படியே நிற்கிறது. "அடிப்பாவி! என்னடி பண்ற?" விளையாட்டுக்குள் என் மண்வெட்டியை அவன் காலடியில் போடுகிறேன். "சும்மா சுமக்கிறதுதானே, அண்ணா. இந்தா, நீயே சுமந்து பாரு."