சுவருக்கான மருந்து

தொன் ரொமுலோ வலது கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, "டாக்டரம்மா, ஏழைங்கமேல எனக்கும் இரக்கம் உண்டு. ஆனா இரக்கத்துக்கு லாபம் வராதே" என்றார்.

பணப்பேச்சு எடுத்தாலே அவர் கை நெஞ்சுக்குப் போய்விடும். தேசிய கீதத்துக்கு நிற்பவர் மாதிரி இருக்கும். அது பரம்பரை கௌரவம் என்று சாந்தா குரூஸ் நகரத்துச் சோயா முதலாளிகள் சொல்லிக்கொள்வார்கள். அவருக்குப் பின்னால் சுவரில் ஸ்பானிய மூதாதை ஒருவர் வாளோடு தொங்கினார். அவரை எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று கேட்கும் துணிச்சல் ஊரில் யாருக்கும் இல்லை.

எதிரே உட்கார்ந்திருந்த நெல்வியின் கம்பெனி, காமிரி என்ற சிறு நகரில் இரண்டு அறை, ஒரு உதவியாளர், அவ்வளவுதான். கையில் இருந்தது ஒரே ஒரு பூச்சிமருந்து. அரசாங்கம் தெளிக்கும் மருந்து சாக்கோ வறண்ட காட்டுப் பக்கத்தில் மண்சுவர் விரிசல்களில் ஒளிந்திருந்து ரத்தம் குடிக்கும் வின்சூக்காப் பூச்சிகளுக்கு இப்போது உறைப்பதே இல்லை. நெல்வியின் மருந்தைச் சுண்ணாம்பில் கலந்து மண்சுவரில் பூச வேண்டும்.

தாப்பேகுவா என்ற ஊரில் பாதி வீடுகளுக்குப் பூசிவிட்டாள். இங்கே முதலீடு கிடைக்காவிட்டால் மறுபாதி அப்படியே நிற்கும். அந்த வீட்டுக் குழந்தைகள் பூச்சிகளோடுதான் படுக்க வேண்டும்.

மேஜைமேல் இரண்டு கண்ணாடி ஜாடிகள் வைத்திருந்தாள். ஒன்றில், பழைய மருந்து தெளித்த மண்கட்டியின்மேல் கரப்பான் அளவுப் பூச்சிகள் மாலை நடை போய்க்கொண்டிருந்தன. மற்றதில், சுண்ணாம்பு பூசிய கட்டியைச் சுற்றி எல்லாம் மல்லாந்து கிடந்தன.

கடித்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிட்டாள். தூங்கும்போது கடிக்கும், வலிக்காது. நோய் ரத்தத்தில் இறங்கி இருபது முப்பது வருடம் சத்தமில்லாமல் இருக்கும். பிறகு ஒருநாள் இதயம் வீங்கி நின்றுவிடும்.

வெளிநாட்டில் வணிகம் படித்துவிட்டு வந்த மருமகன் எர்லாந்துக்கு உற்சாகம் பிறந்தது. "அப்போ ஏற்கெனவே கடிபட்டவங்க இருப்பாங்களே, அவங்களுக்கும் விக்கலாமே? அது பெரிய மார்க்கெட்."

"அவங்களுக்கு இதுல பிரயோஜனம் இல்லைங்க. சின்ன வயசுலயே கண்டுபிடிச்சா மாத்திரை குடுக்கலாம். இதயம் வீங்கினப்புறம் அதுவும் கேக்காது. இது சுவருக்கான மருந்து" என்றாள் நெல்வி.

தொன் ரொமுலோ முதல் ஜாடியை ஒருமுறை பார்த்தார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு தம் குடும்ப வரலாற்றை ஆரம்பித்தார். நானூறு வருடமாகச் செங்கல்லிலும் கல்லிலும் மட்டுமே குடியிருந்த வம்சமாம். மண்சுவர் எப்படியிருக்கும் என்பதே இந்த வம்சத்தில் ஒருவருக்கும் தெரியாதாம். அப்படிப்பட்ட வம்சத்தின் பணம் மண்சுவரில் போய் ஒட்டலாமா என்று மூதாதையைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார். மூதாதை மறுப்புச் சொல்லவில்லை.

நெல்வி, மறுபாதி வீடுகளுக்கு மட்டுமாவது உதவக்கூடாதா என்று கேட்டுப் பார்த்தாள்.

"ஊருக்கு ஊர் வெள்ளையடிச்சுக் குடுக்க நான் என்ன தேர்தல்லயா நிக்கிறேன்?" என்று சொல்லி, பாலாடைக்கட்டி ரொட்டித் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். தின்றுவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம்.

மாமனார் முடிவு சொல்லிவிட்ட தைரியத்தில் எர்லாந் ஜாடியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். முதல் ஜாடி. மூடி எப்படித் திறந்ததோ, ஒரு பூச்சி வெளியே வந்து மேஜைமேல் நடந்தது. அவன் கையை ஓங்கினான்.

தொன் ரொமுலோ அந்தக் கையைப் பிடித்துவிட்டார். "அடிக்காத. நசுங்கினா கைல ஒட்டும், அந்தக் கையால கண்ணைத் தேய்ப்ப. அதோட பீலதான் விஷமே." காலிக் காபிக் கோப்பையைப் பூச்சிமேல் கவிழ்த்தார். "வெளிச்சம் ஆகாது இதுக்கு. இருட்டு கிடைச்சா அப்படியே கிடக்கும். சட்டைக் காலரை உதறு, இன்னொண்ணு இருக்கும்."

இதில் ஒரு வார்த்தைகூட நெல்வி அன்று சொன்னதில்லை.

"உங்களுக்கு எப்படித் தெரியும், மாமா?"

"டிவில பார்த்தேன். நீ போய் காபி சொல்லிட்டு வா."

"பெல் அடிச்சா வரப்போகுது."

"போய்ச் சொல்லு."

மருமகன் காலரை உதறிக்கொண்டே போனான். கதவு சாத்திக்கொள்ளும்வரை தொன் ரொமுலோ காத்திருந்தார்.

"மீதிப் பாதின்னியே," என்றார், "சர்ச்சுப் பக்கமா, ஓடைக்கு அந்தப் பக்கமா?"

தாப்பேகுவாவுக்கு இன்னும் சாலையே போடவில்லை. வரைபடத்தில் தேடினாலும் ஓடை தெரியாது.

"ஓடைக்கு அந்தப் பக்கம்" என்றாள் நெல்வி. "தொன் ரொமுலோ, நீங்க அங்க…"

"அதைப் பூசிடு. பணம் வரும். என் பேரு மட்டும் எங்கயும் வரக்கூடாது."

அவர் பேச்சிலிருந்து ஸ்பானிய மூதாதை எப்போதோ இறங்கிப் போயிருந்தார். நெல்வி ஜாடிகளைப் பையில் வைத்தாள். நன்றி சொல்ல வாயெடுத்தவளைக் கையமர்த்திவிட்டு, கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டு, வலது கையை நெஞ்சில் வைத்து மெதுவாகக் கேட்டார்.

"இதை மனுஷனுக்கு உள்ளுக்குள்ள பூச வழி இருக்கா, டாக்டரம்மா?"