கல் படாத பெயர்

சின்னதைத்தான் அவள் கையில் எடுத்தாள்.

முன் சக்கரத்துக்குப் பின்னால் தொங்கவிடுகிற ரப்பர். மட்ஃப்ளாப் என்று கடையில் சொன்னார்கள். ஓரத்தில் சிவப்புக் கோடு, பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஆனால் சின்னது சேற்றைத் தடுக்கும். கல்லைத் தடுக்காது. வண்டிக்காரன் பெண்டாட்டிக்கு இது கூடவா தெரியாது?

கல்லைத் தடுக்க வேண்டாம் என்றுதான் எடுத்தாள்.

பெயிண்ட் போகுது, பெயிண்ட் போகுது என்று அவன் ஒரு வாரமாகப் புலம்பி, இன்றைக்கு அவளையும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தான். நீயே பாத்து எடு என்று அவளிடமே விட்டுவிட்டான்.

கல் உடைக்கிற கிரஷர் ரோட்டில் ஓடுகிற பிக்கப் வண்டி. சக்கரம் வாரி அடிக்கிற ஜல்லியெல்லாம் நேராகக் கதவின் அடிப்பக்கத்தில்தான் வந்து விழும். அங்கேதான் அந்தப் பெயர் இருந்தது. மஞ்சள் பெயிண்டில், கொடியும் பூவும் சுற்றி வரைந்து.

பவளக்கொடி.

அவனுடைய முதல் சம்சாரம். மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தவள்.

இந்த ஊர்ப் பக்கம் வீட்டுக்காரி பெயரோ பிள்ளை பெயரோ எழுதாமல் வண்டியை ரோட்டில் இறக்க மாட்டார்கள். வண்டி வாங்கியபோது பவளக்கொடி இருந்தாள், எழுதினான். அதில் தப்பில்லை. இவள் கழுத்தை நீட்டி வந்த பிறகும் அது அங்கேயே இருக்கிறதே, அதுதான் பொறுக்கவில்லை.

செத்த மாடு குடம் குடமாய்க் கறக்குமாம். கட்டுத்தறியில் நிற்கிற மாட்டை யார் பார்க்கிறார்கள்?

வாய்விட்டுக் கேட்கவும் முடியாது. செத்தவளோடு போட்டி போடுகிறாள் பார் என்று ஊர் சிரிக்கும். அதனால் வண்டி கழுவுகிற வேலையைத் தானே எடுத்துக்கொண்டாள். கழுவும்போதெல்லாம் கதவருகே உட்கார்ந்து பார்ப்பாள். முதலில் பூ போனது. அப்புறம் கொடி. போன மாதம் முதல் எழுத்தில் பாதி பெயர்ந்து கிடந்தது. அன்றைக்கு உச்சி குளிர்ந்துபோனாள். சோறுகூட இரண்டு கவளம் அதிகமாகவே இறங்கியது, பொய் சொல்வானேன்.

இன்னும் ஒரு கோடை ஓடினால் போதும்.

“இது நல்லாருக்குதுங்க” என்று சின்னதை நீட்டினாள்.

அவன் வாங்கிக்கொண்டு வண்டியருகே போனான். சக்கரத்துக்குப் பின்னால் பிடித்துப் பார்த்தான். பிறகு குத்தவைத்து உட்கார்ந்து, ரப்பரையும் அந்தப் பெயரையும் மாற்றி மாற்றிப் பார்த்தான்.

அட, வண்டிக்காகவா இவன் இத்தனை நாள் புலம்பினான்?

எழுந்து வந்தான். சின்னதை வைத்துவிட்டுப் பெரியதை எடுத்தான். கனத்த கறுப்பு ரப்பர். அழகு என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. மாட்டினால் தரைக்கு மேலே நாலு விரல்தான் இடம் இருக்கும். ஒரு கல் தாண்டாது.

“இதையே போட்டுருவோம் புள்ள.”

வாயைத் திறந்தால் என்ன வருமோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

கடை வாசலில் பெயிண்டர் ஒருவர் நம்பர் பிளேட் எழுதிக்கொண்டிருந்தார். அவன் ரப்பரைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தான். கல்யாணத்தன்றுகூட அப்படிக் கூச்சப்பட்டுச் சிரித்திருக்க மாட்டான்.

“இதுல ருக்மணின்னு எழுதுங்க. நல்லாப் பெருசா.”

அவள் பெயர்.

ஐயோ, அந்த நேரத்தில் வந்த சந்தோஷம்! முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. சே, இந்த மனுஷனைப் போயா இப்படி நினைத்தோம் என்று இருந்தது.

பெயிண்டர் டப்பாவைத் திறந்தார்.

அவள் ரப்பரைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். மறுபடியும் ரப்பரை.

கல் வந்து விழப்போவது இதில். சேறும் இதில். அங்கே ஓர் எழுத்துகூடப் பெயரக் கூடாது என்று, இங்கே இவள் பெயர் தொங்கிக்கொண்டு நாள் முழுக்க அடி வாங்கும். எழுத்து ரப்பரின் பின்பக்கம் இருந்து, கல் முன்பக்கம் பட்டால் என்ன? முதுகில் வாங்கினாலும் அடி அடிதான்.

அவனுக்கு அது தோன்றவே இல்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஆசையாகத்தான் சொல்லியிருக்கிறான், பாவி மனுஷன்.

“அண்ணா” என்றாள் பெயிண்டரிடம். “என் பேரக் கதவுல எழுதுங்க. அங்க இருக்கற பேர இதுல எழுதிக்கலாம்.”

பெயிண்டர் பிரஷைப் பிடித்தபடி அவனைப் பார்த்தார்.

அவன் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. கதவருகே போய்க் குத்தவைத்து உட்கார்ந்தான். பாதி பெயர்ந்த அந்த எழுத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினான்.

மத்தியான வெயிலில் தகடு கொதித்துக் கிடந்தது. கையை எடுக்கவில்லை.

அவள் அந்தக் கையையே பார்த்தாள்.

பிறகு அந்தப் பெரிய ரப்பரைத் தானே தூக்கிக்கொண்டு போய்க் கடைக்காரரிடம் கொடுத்தாள்.

“பேரெல்லாம் வேண்டாங்ண்ணா. அப்படியே மாட்டிக் குடுங்க.”