புரியலைம்மா

"புரியலைம்மா. இன்னொரு தடவை போடுங்க."

சிஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டாள். இந்தப் பெரியவரோடு வாராவாரம் இதே மல்லுக்கட்டுதான். மற்றவர்கள் ஒரு தடவை பார்த்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள். இவருக்கு மட்டும் மண்டையில் ஏறவே மாட்டேன் என்கிறது.

அவர் மாட்டியிருந்தது சாதாரணக் கண்ணாடி இல்லை. அதன் வழியே காலைப் பார்த்தால், தோலுக்கு மேலேயே ரத்தக்குழாய்கள் ஓடுவது தெரியும். அடைத்துக்கொண்ட இடம் கறுப்பாகத் தெரியும். நீல உடுப்பில் ஒரு நர்ஸ் வந்து காலடியில் உட்கார்ந்து, தொட்டுக் காட்டி விளக்குவாள். வேறெங்கோ ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற நிஜ நர்ஸைத்தான் படம் பிடித்துப் போட்டிருந்தார்கள். வயதான பெண்கள் மாட்டினால் அம்மா என்பாள், ஆண்கள் மாட்டினால் அப்பா என்பாள். ஊசி குத்தியதே தெரியாமல் மருந்தை ஏற்றிவிடுகிற மாதிரி ஒரு குரல்.

"இங்க பாருங்கப்பா, முழங்காலுக்குக் கீழ ரத்தம் சரியா போகலை. ஆபரேஷன்ல மாத்து வழி போட்டுடுவாங்க. அதுக்கப்புறம் காலை நீங்கதான் பத்திரமா பார்த்துக்கணும்ப்பா."

பாடம் முடிந்தது. பெரியவர் கையை நீட்டி எதிரே காற்றைத் தடவினார். ஒவ்வொரு தடவையும் இப்படித்தான். கண்ணாடி பழகாதவர்கள் துழாவுவது சகஜம் என்று சிஸ்டர் கண்டுகொள்ளவில்லை.

"இப்பச் சொல்லுங்க. காலை எப்படிக் கழுவணும்?"

"நல்லா கொதிக்கிற தண்ணியில."

"செருப்பு?"

"வீட்டுக்குள்ள எதுக்கும்மா செருப்பு?"

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு. பதில் சரியாக வந்தால்தான் ஆபரேஷனுக்குத் தேதி என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இவருடைய கட்டைவிரல் ஏற்கெனவே கறுக்கத் தொடங்கிவிட்டது. இன்னும் தள்ளிப்போனால் பாதத்தையே எடுக்க வேண்டிவரும்.

தண்ணீர் குடித்துவிட்டு வரலாம் என்று வெளியே போனாள். திரும்பி வந்தபோது உள்ளே பேச்சுக் குரல் கேட்டது. அடுத்த நாற்காலியில் காத்திருந்த லாரி டிரைவரிடம் பெரியவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வெதுவெதுப்பான தண்ணிதான். விரல் இடுக்குல ஈரம் நிக்கக் கூடாது. வீட்டுக்குள்ளயும் செருப்பு போடணும். தினமும் அடிப்பாதத்தை முகம் பார்க்கிற கண்ணாடியில பாருங்க. சிகரெட்டைத் தலை முழுகிடுங்க."

ஒரு வார்த்தை பிசகவில்லை. சிஸ்டருக்குச் சுர்ரென்று ஏறியது. விறுவிறுவென்று வந்து அவர் முன்னால் நின்றாள்.

"எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே நடிச்சீங்களா? கால் போயிடும், விளையாட்டா இருக்கா உங்களுக்கு? ஆபரேஷன்னா பயமா?"

"பயமெல்லாம் இல்லைம்மா."

"அப்ப சரி. இன்னைக்கே தேதி வாங்கிடறேன். இனிமே உங்களுக்குப் பாடம் கிடையாது. கண்ணாடியைக் கொடுங்க."

பெரியவர் கொடுக்கவில்லை. இரண்டு கையாலும் அதை மடியோடு அணைத்துக்கொண்டார்.

"கடைசியா ஒரே ஒரு தடவை போட்டுடுங்க. அப்புறம் இந்தக் காலை என்ன வேணா பண்ணிக்குங்க."

லாரி டிரைவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிஸ்டருக்கும் சந்தேகம் வந்துவிட்டது. இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டாள்.

"இந்த வயசுல கால் போனாலும் பரவாயில்லைன்னு பார்க்கிற அளவுக்கு, அந்தப் பொண்ணு அவ்வளவு அழகா?"

"அழகுதாம்மா. அப்படியே அவ அம்மா ஜாடை" என்றார் பெரியவர், கண்ணாடியைத் துடைத்தபடி. "ஊர்ல இருக்கிறவங்களையெல்லாம் வாய் நிறைய அப்பாங்கறா. நேர்ல என்னை மட்டும்தான் கூப்பிடறதில்லை."