மூன்றாவது கழுத்து

"இந்தக் கிடார் போகணும், இல்லன்னா நீங்க போகணும். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க, டாக்டர்!"

குடியிருப்புச் சங்கச் செயலாளர் செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்துக்குள் வந்துவிட்டார். அவருக்குப் பின்னால் கீழ்வீட்டு அம்மாவும், எதிர்வீட்டு ஓய்வுபெற்ற பேராசிரியரும். பல் டாக்டர் குடிவந்து இன்னும் சாமான்களை முழுசாகப் பிரிக்கவில்லை. அதற்குள் காலி செய்யச் சொன்னால் எங்கே போவார்?

கூடத்தின் நடுவில் நாலு காலில் நின்றது அந்த ஹவாய் ஸ்டீல் கிடார். பார்த்தால் இஸ்திரி மேசை மாதிரி இருந்தது. மேலே வரிசையாக மூன்று கழுத்துகள், ஒவ்வொன்றிலும் எட்டுக் கம்பிகள்.

"அதுக்கு மூணு கழுத்து இருக்கு. எங்களுக்கு இருக்கிறது ஒண்ணுதான். அதையும் நெரிக்கிறீங்களே!" என்றார் கீழ்வீட்டு அம்மா. "விடியறதுக்கு முன்னாடியே ஊளைச் சத்தம். எமன் வந்துட்டான்னு எங்க மாமியார் எழுந்து உக்காந்துட்டாங்க."

வரவில்லையே என்ற வருத்தம் அவர் குரலில் நன்றாகவே தெரிந்தது.

"பெடலை மெதுவா அமுக்கி வாசிச்சா என்னவாம்?" என்றார் செயலாளர், எல்லாம் தெரிந்தவராக.

"இதுக்குப் பெடலே கிடையாது சார். ஒவ்வொரு கழுத்துக்கும் ஒவ்வொரு சுருதி. சுருதி மாறணும்னா கழுத்து மாறணும். கையில இருக்கிற இந்த இரும்புத் துண்டைக் கம்பி மேல வழுக்கவிட்டா நாதம் வரும், அவ்வளவுதான். ஆனா நீங்க சொல்ற சத்தம் வந்து..."

"நிறுத்துங்க!" பேராசிரியருக்குக் கண் கலங்கியிருந்தது. "அதைச் சத்தம்னு சொல்லாதீங்க. இன்னிக்குக் காலையில கேட்டேன். அலை ஒண்ணு மெல்ல எழும்பி, நெளிஞ்சு, கரைக்கு வந்து அழுதுட்டுப் போச்சு. அது ரெண்டாவது கழுத்துதானே?"

டாக்டர் திறந்த வாயை மூடிக்கொண்டார். இத்தனை வருஷத்தில் அவரை யாரும் பாராட்டியதில்லை. அவர் முன்னால் வாயைத் திறந்தவர்கள் எல்லாம் அலறத்தான் செய்திருக்கிறார்கள்.

"மூணாவது, சார்," என்றார் அடக்கமாக.

"பார்த்தீங்களா! கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை?" என்று பேராசிரியர் மற்ற இருவரையும் திரும்பிப் பார்த்தார்.

கழுதையாக யாருக்கும் விருப்பமில்லை. செயலாளர் தொண்டையைச் செருமினார். "நானும் அதைத்தான் சொல்ல வந்தேன். அழுகைன்னா அப்படி ஒரு அழுகை!" மாமியார் ரசித்துத்தான் எழுந்து உட்கார்ந்ததாகக் கீழ்வீட்டு அம்மாவும் திருத்திக்கொண்டார். சங்க ஆண்டு விழாவில் டாக்டரின் கச்சேரி என்று நின்ற இடத்திலேயே முடிவாயிற்று. யாரும் வீட்டைக் காலி செய்வது பற்றி மறுபடி பேசவில்லை.

அவர்கள் படியிறங்கியதும் டாக்டரின் மனைவி சமையலறையிலிருந்து வந்தாள்.

"ஏங்க, ஆம்ப்ளிஃபயரே இன்னும் வந்து சேரலை. அது இல்லாம நீங்க வாசிக்கிறது பக்கத்துல உக்காந்திருக்கிற எனக்கே கேக்கலை. மொட்டை மாடியில தண்ணி மோட்டார்தான் தேஞ்சுபோய் ஊளையிடுதுன்னு சொல்லியிருக்கலாமே?"

டாக்டர் பாய்ந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"மெதுவா பேசுடி! யார் காதுலயாவது விழுந்தா, அதை ரிப்பேர் பண்ணிடப் போறாங்க!"